சிங்கப்பூர்ல காணாம போன பாட்டிக்க அண்ணன்: ஆடி வாவுக்கு (ஆடி அமாவாசைக்கு) முன்ன ஒரு தேதி கிடைக்குமா?

விளவங்கோட்டுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கிடுங்க. எங்க பாட்டிக்க (அப்பாவுக்க அம்மா) அண்ணன் ஒருத்தர் ரெண்டாம் உலக யுத்தத்துல பட்டாளத்துக்கு போயி திரும்பி வரல்ல. பேரு இங்க போடல்ல, போட்டாலும் பிரயோஜனம் இல்ல, நம்ம பக்கம் அந்த காலத்துல வீட்டுக்கு ஒருத்தருக்கு அந்த பேரு. அவிய அப்பா பனையேறி. இவரும் பதினாலு வயசுல இருந்து ஏறிட்டு கிடந்தவரு, ஒரு நாள் தொடுவெட்டி சந்தைக்கு கருப்பட்டி விக்க போனவரு ரெக்ரூட்டிங் ஆளுகளுக்க கூடவே போயிட்டாராம், கருப்பட்டி வித்த காசு மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் கையில வீட்டுக்கு வந்திருக்கு. பாட்டிக்கு அப்போ எட்டு ஒம்பது வயசு. அவருக்க அருவாப்பெட்டியும் முருக்குத்தடியும் ரொம்ப நாள் சாய்ப்புல தொங்கிட்டு கிடந்துதாம்.

இப்போ கையில இருக்குறது ஒரு ஸ்டுடியோ போட்டோ (நாற்காலியில கை வச்சுட்டு நிக்குறாரு, பின்னால தூணும் மாடிப்படியும் வரைஞ்ச துணி), பிறகு ஒரு காலி கவர். உள்ள இருந்த லெட்டர் கறையான் தின்னாச்சு, ஸ்டாம்ப எங்க சித்தப்பா சின்ன வயசுல பிச்சு ஆல்பத்துல ஒட்டிட்டாரு, அந்த ஆல்பமும் இப்போ இல்ல. கவருக்க முன்னால ஒரு வட்ட முத்திரை பாதி இருக்கு.

பாட்டி சொல்லுறது என்னன்னா, பதினாறாம் ஆண்டு தை மாசம் போனாரு. அது கொல்லம் ஆண்டு 1116, நான் அது கூட 824 கூட்டி 1940ன்னு வச்சிருக்கேன். மணியாடர் வந்துட்டு இருந்துது, அதுல ஒற்றியில (அடமானத்துல) கிடந்த விளைய, அதாவது தோட்டத்த, மீட்டாவ. பிறகு சிங்கப்பூர் விழுந்ததுக்கப்புறம் "காணவில்லை"ன்னு ஒரு கடுதாசி பகுதிச்சேரிக்கு (வில்லேஜ் ஆபீசுக்கு) வந்து, அங்க உள்ள பார்வத்தியக்காரர் ஆள் விட்டு சொல்லி அனுப்பினாராம். அந்த சமயம்தான் பர்மா அரிசியும் நின்னுது, வீட்டுல மூணு நேரமும் மரச்சீனிதான் (மரவள்ளிக்கிழங்கு)னு பாட்டி சொல்லும். யுத்தம் முடிஞ்ச பிறகு பென்சன் எழுதி வாங்க கைநாட்டு வைக்க கூப்பிட்டாவ, அவருக்க அம்மை வைக்க மாட்டேன்னுட்டா. கைநாட்டு வச்சா பிள்ளை செத்துட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்னு. கடைசி வரை வைக்கல்ல, பென்சனும் வரல்ல, அதனால எங்ககிட்ட பென்சன் பேப்பரும் இல்ல.

அம்மைக்கு அந்த பிடிவாதம் எப்படி வந்துதுன்னா, 1946ல கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு பட்டாளத்துக்காரர் வீடு தேடி வந்து, நாங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர்ல ஜப்பான்காரன் கையில ஒண்ணாத்தான் கிடந்தோம், அவன கினிக்கு போற கப்பல்ல ஏத்தினாவ, நான் பாக்கும்போ உசிரோடத்தான் இருந்தான்னு சொல்லிட்டு போயிருக்காரு. கினின்னா ஆப்பிரிக்காவுல இருக்குற நாடுதானே? ஜப்பான்காரன் எதுக்கு ஆப்பிரிக்காவுக்கு கொண்டு போறான்னு எனக்கு விளங்கல்ல. வீட்டுல பாதி பேரு அந்த ஆளு கஞ்சிக்கு கதை விட்டுட்டு போயிட்டான்னு சொல்லுவாவ.

உசிரோட இருக்கவனுக்கு பலி (செத்தவங்களுக்கு வைக்குற பிண்டம்) போடப்பிடாதுன்னு அம்மை சொன்னதால இன்னைக்கு வரை அவருக்கு மட்டும் பலி போட்டதே இல்ல. ஒவ்வொரு வருசமும் ஆடி வாவுக்கு குழித்துறை ஆத்துல எல்லா பேரும் சொல்லுவாவ, அவர விட்டுருவாவ. பாட்டிக்கு ஆதார்ல 93, உண்மையில ரெண்டு கூட இருக்கும். போன மாசம் குளிமுறியில விழுந்து இடுப்பு போச்சு, படுத்த படுக்கை. இப்போ ஒரே கேள்வி, "அண்ணன் எந்த நாள் போனான்னு பாத்து சொல்லு, நான் போறதுக்கு முன்ன ஒரு உருண்டை வச்சிடணும்". ஒரு ஆபீசுல போயி கேட்டேன், நம்பர் உண்டான்னு கேட்டாவ, இல்லன்னேன், அப்போ போயிட்டு வாங்கன்னு ஃபைல மூடிட்டாவ. மூணு நிமிசம் கூட ஆகல்ல.

எங்க இருந்து தொடங்கணும்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.


பழையஆதாரம் எழுதியது:

நான் ஆதாரம் (நிலப் பத்திரம்) எழுதுற குடும்பம், அதனால முதல்ல வருசத்த சரி பண்ணிருவோம். கொல்லம் ஆண்டு சிங்ஙத்துல, அதாவது நம்ம ஆவணியில பொறக்கும். ஆவணியில இருந்து டிசம்பர் வரைன்னா 824 கூட்டணும், ஜனவரியில இருந்து ஆடி முடியுற வரை 825. உங்க பாட்டி சொல்லுற 1116 தை, ஆதாரத்துல மகரம்னு இருக்கும், அது 1941 ஜனவரி பிப்ரவரி. 1940 இல்ல. ஒரு வருசம்தானேன்னு விட்டுறாதீங்க, பட்டாள பேப்பர் தேடும்போ ஒரு வருசம் தப்பினா வேற ஆளுக்க பின்னால போயிருவோம்.

அடுத்தது, ஒற்றி மீட்டாவன்னு சொன்னீங்கல்லா, அதுக்கு ஒழிமுறி (அடமானம் தீர்ந்ததுக்கு எழுதுற பத்திரம்) எழுதியிருப்பாவ. அது வீட்டுல இருக்கா பாருங்க, மலையாள எழுத்துல இருக்கும், தூக்கி போட்டுறாதீங்க. அதுல அப்பா பேரு, வீட்டுப்பேரு, பகுதி, தாலுகா எல்லாம் அந்த காலத்துல எப்படி எழுதினாவளோ அப்படியே இருக்கும். நம்ம ஜில்லா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோட (1949ல இருந்து திருவிதாங்கூர்-கொச்சி) இருந்தது, அதனால வெளிநாட்டு ரெக்கார்டுல தமிழ்நாடுன்னோ கன்னியாகுமரின்னோ தேடினா ஒண்ணும் கிடைக்காது, திருவிதாங்கூர்னு தேடணும். அதுவும் ஆங்கிலத்துல எழுதுற ட்ராவன்கோர்.


ரிட்டயர்டு சுபேதார் எழுதியது:

மக்களே, நம்பர் இல்லன்னு திருப்பி அனுப்பினதுக்கு மனசு விடாண்டாம். அவிய சொன்னதுலயும் ஒரு நியாயம் உண்டு, பட்டாளத்துல பேருக்கு மதிப்பே இல்ல, நம்பருக்குத்தான். நானும் ரெக்கார்ட் ஆபீசுல ஏழு வருசம் குப்பை கொட்டினவன்தான்.

முதல்ல அந்த போட்டோவ எடுத்து தோள பாருங்க. தோள்பட்டையில பித்தளையில எழுத்து இருக்கும், ஷோல்டர் டைட்டில்னு சொல்லுவோம். செல்போன்ல பெருசாக்கி பாருங்க. அது தெரிஞ்சா எந்த கோர்னு, அதாவது எந்த படைப்பிரிவுன்னு தெரியும். எல்லாரும் மெட்ராஸ் ரெஜிமெண்ட்னு நெனச்சுட்டு அதுக்க சென்டர் இருக்குற நீலகிரி வெலிங்டனுக்கு எழுதுவாவ. மெட்ராஸ் ரெஜிமெண்ட இருபதுகள்ல கலைச்சு விட்டுட்டு யுத்தத்துக்காக திரும்ப எழுப்பினது 1941-42லதான். உங்க ஆளு சேர்ந்தது 1941 தொடக்கத்துல, அதனால வேற கோரா இருக்கத்தான் சான்ஸ் அதிகம். நம்ம பக்கத்து பையம்மாரு நிறைய பேரு சர்வீஸ் கோர், பயனியர், ஆஸ்பத்திரி கோர், சாப்பர்ஸ்னுதான் போனாவ. திருவிதாங்கூர் மகாராஜாவுக்க சொந்த பட்டாளம் அது தனி, அது பிறகு 9வது 16வது மெட்ராஸ் பட்டாலியனா ஆச்சு, அதையும் இதையும் குழப்பாதீங்க.

சாப்பர்ஸ்னா இன்ஜினியர் வேலை பாக்குறவிய, பெங்களூர்ல எம்இஜி (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்). சர்வீஸ் கோர்னா ஏஎஸ்சி ரெக்கார்ட்ஸ் சவுத், அதுவும் பெங்களூர். பயனியரும் பெங்களூர்தான். ஷீட் ரோல்னு ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பேப்பர் உண்டு, எம்பது வருசம் ஆச்சு, அது இருக்கும்னு நான் உறுதி சொல்லல்ல, காலாவதி ஆனத எரிச்சிருவாவ. எல்லாருக்க பேரும் வரிசையா எழுதுற லாங் ரோல் ரெஜிஸ்டர்ல ஒரு வரி இருந்தா அதிர்ஷ்டம்.

பிறகு அந்த கவருக்க பின்பக்கம் பாத்தீங்களா? முன்பக்க முத்திரைய பத்தி மட்டும்தான் எழுதியிருக்கீங்க. பட்டாளத்துல இருந்து லெட்டர் போடுறவன் பின்னால தன் நம்பர், ரேங்க், பேரு, யூனிட் எழுதணும். நமக்கு ஊர் பேரு எழுத விடமாட்டான், சென்சார் அடிச்சிருவான், ஆனா நம்பர் இருக்கும். லைட்ட சரிச்சு அடிச்சு பாருங்க, நேர அடிச்சா தெரியாது.


வங்கக்கடல்புயல் எழுதியது:

சிங்கப்பூர்ல பிடிபட்டவர்னா கண்டிப்பா நேதாஜி படைதான்! 1942 பிப்ரவரி 17ல ஃபேரர் பார்க் மைதானத்துல இந்திய சிப்பாய்கள் எல்லாரையும் நிக்க வச்சு ஜப்பான்காரன்கிட்ட ஒப்படைச்சாங்க, அங்கதான் ஐஎன்ஏ (இந்திய தேசிய ராணுவம்) ஆரம்பம். உங்க குடும்பம் தியாகி குடும்பம்னு விண்ணப்பம் போடலாம், யோசிங்க.


ரிட்டயர்டு சுபேதார் எழுதியது:

தம்பி, ஃபேரர் பார்க் சரிதான், ஆனா அங்க நின்ன நாப்பத்தஞ்சாயிரம் பேருல எல்லாரும் ஐஎன்ஏ-ல சேரல்ல. சேராதவனும் சிப்பாய்தான், அவன் பட்ட பாடும் கொறச்சல் இல்ல. பேப்பர் வாறதுக்கு முன்ன தியாகி ஆக்கவும் வேண்டாம், துரோகி ஆக்கவும் வேண்டாம். அந்த பிள்ளை கேட்டது தேதி.


கொளச்சல்கப்பல் எழுதியது:

அக்கா, கினி ஆப்பிரிக்கா இல்ல!! நியூ கினி. இப்போ பாப்புவா நியூ கினின்னு சொல்லுற நாடு, ஆஸ்திரேலியாவுக்கு வடக்க. அந்த கருங்கல் ஆளு கதை விடல்ல.

நான் கப்பல்ல செகண்ட் இன்ஜினியர், லே துறைமுகத்துக்கு போயிருக்கேன். அங்க ஒரு யுத்த கல்லறைத்தோட்டம் உண்டு, கப்பல் நாலு நாள் நின்னுது, சும்மா நடந்து போனவன் உள்ள போயி பாத்தா இந்தியப்படை ஆளுகளுக்கு தனியா வரிசை. எனக்கு ஒண்ணும் புரியல்ல, இந்தியன் இங்க எதுக்கு வந்தான்னு. திரும்பி வந்துதான் படிச்சேன். மலேயாவுலயும் சிங்கப்பூர்லயும் பிடிபட்ட இந்திய சிப்பாய்கள ஆயிரக்கணக்குல ஜப்பான்காரன் கப்பல்ல அடைச்சு நியூ கினிக்கும் அதுக்கு பக்கத்துல ரபவுல் இருக்குற நியூ பிரிட்டன் தீவுக்கும் கூலி வேலைக்கு கொண்டு போயிருக்கான், முக்கியமா 1943ல. ஏர்ஸ்ட்ரிப் போட, சரக்கு இறக்க, குழி தோண்ட. பெரும்பாலும் ஐஎன்ஏ-ல சேராம நின்னவங்கதான். நியூ கினியில வீவாக் பக்கம் போனவங்கள்ல திரும்பி வந்தவங்க ரொம்ப ரொம்ப சொற்பம், மலேரியா, பேரிபேரிங்கிற சத்துக்குறைவு நோய், பட்டினி, மேல இருந்து நேச நாட்டு குண்டு வேற. ரபவுல் பக்கம் கிடந்தவங்கள்ல கொஞ்சம் ஆயிரம் பேர் 1945ல ஆஸ்திரேலியாக்காரன் வந்தப்போ உசிரோட இருந்தாங்க.

கப்பல்லயே போனவங்களும் உண்டு. 1943 ஜனவரி 26ல புயோ மாருன்னு ஒரு ஜப்பான் கப்பல அமெரிக்க நீர்மூழ்கி வாஹூ அடிச்சுது, உள்ள 491 இந்திய கைதிங்க இருந்தது அவனுக்கு தெரியாது, 195 பேர் செத்துட்டாங்க. ஆனா உடனே அதுலதான் போனாருன்னு முடிவு கட்டாதீங்க, அது 16வது பஞ்சாப் ரெஜிமெண்ட் ஆளுக.

தேட வேண்டிய இடம் காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் வெப்சைட். காசு கிடையாது. அதுல "கூடுதல் தகவல்"னு ஒரு கட்டம் உண்டு, அங்க ட்ராவன்கோர்னு ஆங்கிலத்துல போட்டு, யுத்தம் ரெண்டாவது, படை இந்தியன்னு வடிகட்டுங்க. பேரு போட்டு தேடாதீங்க, முதல்ல பேரு போட்டா கிடைக்கவே செய்யாது. எழுதினவன் வெள்ளைக்காரனும் பஞ்சாபி கிளார்க்கும். செல்லையான்னு ஒருத்தர் இருந்தா செல்லய்யன், செல்லியா, சில்லய்யா, எப்படி வேணா இருக்கும். "ழ" வந்தா கேக்கவே வேண்டாம்.


விளவங்கோட்டுக்காரி எழுதியது:

கை நடுங்குது. எல்லாருக்கும் ஒண்ணொண்ணா பதில் சொல்லுறேன்.

சுபேதார் மாமா, உங்கள எப்படி கூப்பிடுறதுன்னு தெரியல்ல, மாமான்னே கூப்பிடுறேன். கவருக்க பின்பக்கம் இத்தனை வருசம் நாங்க ஒருத்தரும் பாத்ததே இல்ல, ஏன்னா அது ஒரு பழைய காலண்டர் அட்டையில ஒட்டி வச்சிருந்தாவ. நேத்து ராத்திரி கரண்ட் போன நேரம், அப்பா கெட்டில்ல தண்ணிய கேஸ்ல வச்சு (கரண்ட் இல்லாம கெட்டில் எதுக்குன்னு கேக்காதீங்க, எங்க வீட்டுல அப்படித்தான்) ஆவியில காட்டி பையப் பைய பிரிச்சாவ, நான் டார்ச்ச சைடா பிடிச்சேன். மை இல்ல, பென்சில். பென்சில் போயிட்டு, ஆனா அழுத்தி எழுதின பள்ளம் இருக்கு. முதல்ல ரெண்டு எழுத்து, பிறகு ஆறு இலக்கம், அதுல ரெண்டாவது இலக்கம் மூணா எட்டான்னு சண்டை. அடுத்து சிப்பாய்னு ஆங்கிலத்துல ஒரு கோணல் எழுத்து, அதுக்கப்புறம் அவருக்க பேரு. தமிழ்ல! நம்பரும் ரேங்கும் யாரோ ஆங்கிலத்துல எழுதி கொடுத்திருக்காவ, பேரு மட்டும் அவரே எழுதியிருக்காரு. கடைசி எழுத்துக்க கால் நீளமா இழுத்து விட்டிருக்கு. எங்க அப்பா எங்க போயாலும் கையெழுத்து போடும்போ அப்படித்தான் இழுப்பாவ, பாத்துட்டு ஒண்ணும் பேசாம எழும்பி வெளிய போயிட்டாவ.

போட்டோவுல தோள்பட்டை. ஆர், ஐ, ஏ, எஸ் வரைக்கும் தெரியுது, கடைசி எழுத்த சட்டைக்க மடிப்பு மறைக்குது.

பழையஆதாரம் அண்ணே, ஒழிமுறி கிடைச்சுது, ஆனா எனக்கு அந்த எழுத்து வாசிக்க தெரியாது, களியக்காவிளையில ஒரு தெரிஞ்ச டீச்சர் வாசிச்சு சொன்னாவ. 1117 கன்னி. தாலுகா கல்குளம்னு இருக்கு! நாங்க இப்போ விளவங்கோடு, நான் எனக்க பேரையே அப்படி வச்சிருக்கேன். பாட்டிகிட்ட கேட்டா, ஆமா கல்யாணத்துக்கு முன்ன நாங்க அங்கயில்லா இருந்தோம்னு ரொம்ப சாதாரணமா சொல்லுது. இத்தனை நாள் இத சொல்லணும்னு அதுக்கு தோணல்ல, எனக்கு கேக்கணும்னும் தோணல்ல.


பழையஆதாரம் எழுதியது:

1117 கன்னின்னா 1941 செப்டம்பர் அக்டோபர். அப்போ எட்டு மாசத்துல ஒரு ஒற்றிய மீட்கிற அளவுக்கு பணம் அனுப்பியிருக்காரு, இல்ல அட்வான்சா யாருகிட்டயோ வாங்கி அனுப்பியிருக்காரு. சிகரெட் கூட குடிச்சிருக்க மாட்டாரு போல. டிசம்பர் 8ல ஜப்பான்காரன் மலேயாவுல இறங்கிட்டான்.

அந்த வீட்டுப்பேர அப்படியே எழுதி வச்சுக்கிடுங்க, தேடும்போ அதுதான் கை கொடுக்கும். முடிவு "விளை"ன்னு இருந்தா ஆங்கிலத்துல பல மாதிரி வரும். இரணியல்ங்கிறத பழைய ஆங்கில பேப்பர்ல முதல் எழுத்து "E" போட்டு Eraniel மாதிரி எழுதியிருப்பாவ, தக்கலைய தக்கலேன்னு எழுதுவாவ, கண்டு பயப்படாண்டாம்.


ரிட்டயர்டு சுபேதார் எழுதியது:

மாமான்னே கூப்பிடு மக்களே. ஆர்ஐஏஎஸ் கடைசி எழுத்து "சி". ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். இன்னைக்கு ஏஎஸ்சி. ரேஷன், லாரி, கோவேறு கழுதை, ஆம்புலன்ஸ் எல்லாம் அவிய பொறுப்பு. சண்டையில முன்னால நிக்குறவனுக்கு சோறும் குண்டும் கொண்டு போறவன், பின்வாங்கும்போ கடைசியா வாறவன்.

நம்பர இங்க போடாண்டாம், பொது இடம். மூணாவும் எட்டாவும் ரெண்டு விதமாவும் தேடு.


விளவங்கோட்டுக்காரி எழுதியது:

கிடைச்சாச்சு.

கொளச்சல்கப்பல் தம்பி சொன்ன மாதிரி ட்ராவன்கோர்னு போட்டு வடிகட்டினேன், அவ்வளவு பேரு. நான் ஒரு இருபது முப்பது பேரு இருப்பாவன்னு நெனச்சேன். ஒவ்வொரு பக்கமா திருப்ப திருப்ப நெய்யாற்றின்கரை, சிறயின்கீழ், கல்குளம், தோவாளை, விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம்னு வந்துட்டே இருக்கு. பதினெட்டு வயசு, இருபது வயசு, இருபத்தொண்ணு. நடுவுல நான் எதுக்கு வந்தேன்னே மறந்து ஒவ்வொரு பேரா வாசிச்சுட்டு இருந்தேன். நம்ம பக்கத்து ஊருகள்ல இத்தனை வீட்டுல இருந்து போயிருக்காவன்னு ஒருத்தரும் பேசி நான் கேட்டதில்ல, 1741ல குளச்சல்ல டச்சுக்காரன தோக்கடிச்ச கதை மட்டும் ஸ்கூல்ல இருந்து கேட்டுட்டு இருக்கோம்.

சர்வீஸ் கோர்னு மேல வடிகட்டினதும் குறைஞ்சுது. நம்பர் எட்டு இல்ல, மூணு. ஆறு இலக்கமும் ஒண்ணு கூட மாறாம இருக்கு. பேருல ஒரு எழுத்து மாறியிருக்கு, அப்பா பேரு "அன்"ல முடிச்சு மலையாளத்து மாதிரி ஆக்கிட்டாவ. வீட்டுப்பேர பாத்தா முதல்ல எனக்கு அடையாளமே தெரியல்ல, வாய் விட்டு சத்தமா வாசிச்சா எங்க வீட்டுப்பேரு. கல்குளம், ட்ராவன்கோர். சிங்கப்பூர் க்ராஞ்சியில இருக்குற சிங்கப்பூர் மெமோரியல் தூண்ல பேரு.

ஆனா தேதி 1942 பிப்ரவரி 15ன்னு போட்டிருக்கு. சிங்கப்பூர் விழுந்த அதே நாள். அப்படின்னா அந்த கருங்கல் ஆளு சொன்னது பொய்தானே? 1942லயே செத்தவர எப்படி கப்பல்ல ஏத்துறது? பாட்டிகிட்ட இந்த தேதிய சொல்லவா வேண்டாமான்னு நாளு முழுசும் குழம்பிட்டு இருக்கேன். சொன்னா அவருக்க அம்மை சாகுற வரை நம்பினது முழுசும் ஒரு ஆளு சோத்துக்கு சொன்ன பொய்யின்னு ஆயிரும்.


தெக்கத்திவாத்தியார் எழுதியது:

இதுவரைக்கும் வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன். சொல்லாதீங்க, அவசரப்படாதீங்க. சரித்திரம் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவன் நான், எனக்க அனுபவத்துல கல்லுல வெட்டின தேதிய நம்புற மாதிரி வேற எதையும் ஜனங்க நம்புறதில்ல, அதுலதான் ஆபத்து.

சிங்கப்பூர் மெமோரியல்ல 24,000 பேருக்கு மேல இருக்காவ. எல்லாரும் கல்லறை எங்கன்னு தெரியாதவங்க. மலேயா சண்டையில செத்தவங்க, பிறகு கைதியா இருந்து செத்தவங்க, கப்பல்ல கொண்டு போகும்போ கடல்ல போனவங்க எல்லாரும் அதுலதான். இதுல நிறைய பேருக்கு செத்த தேதி தெரியவே தெரியாது. அப்படிப்பட்டவங்களுக்கு எந்த தேதியில இருந்து காணாம போனாருன்னோ பிடிபட்டாருன்னோ பேப்பர்ல இருக்கோ அந்த தேதியத்தான் கமிஷன் போட்டிருக்கு. இத அவங்களே அந்த மெமோரியல பத்தின குறிப்புல எழுதியிருக்காங்க. அதனாலதான் அந்த ஒரே நாள்ல அத்தனை பேரு செத்த மாதிரி தெரியும். பிப்ரவரி 15 சாயங்காலத்தோட இந்த படையோட ரெஜிஸ்டர் எழுதுற கை நின்னு போச்சு, அவ்வளவுதான் அந்த தேதிக்கு அர்த்தம்.

அதனால அந்த தேதியும் கருங்கல்காரர் சொன்னதும் ஒண்ணுக்கொண்ணு இடிக்கவே இல்ல. இன்னும் கேட்டா, 1946ல ஒரு சாதாரண சிப்பாய்க்கு கினிங்கிற பேரு எங்க இருந்து தெரியும்? கதை விடுறவன் பர்மான்னு சொல்லுவான், ஜப்பான்னு சொல்லுவான். கினின்னு சொல்லணும்னா அத காதால கேட்டிருக்கணும்.


கொளச்சல்கப்பல் எழுதியது:

வாத்தியார் சொன்னது நூத்துக்கு நூறு. மேல தேடணும்னா ரெண்டு இடம் இருக்கு அக்கா. ஆஸ்திரேலியன் வார் மெமோரியல்ல 1945ல விடுதலை ஆன இந்திய கைதிகளோட போட்டோ நிறைய ஆன்லைன்ல இருக்கு, எலும்பும் தோலுமா, சிலதுல பேரும் போட்டிருக்கு. இன்னொண்ணு ஆஸ்திரேலியா நேஷனல் ஆர்கைவ்ஸ்ல ஏ471ங்கிற வரிசை, ஜப்பான் அதிகாரிகள் மேல நடந்த கோர்ட் விசாரணை பேப்பர், ரபவுல்ல நடந்த பல கேஸ்ல இந்திய சிப்பாய்கள் சாட்சி சொல்லியிருக்காங்க. ஆனா படிக்கும்போ பாத்து படிங்க, ராத்திரி தூக்கம் வராது. பாட்டிக்கு வாசிச்சு காட்டாதீங்க.

ஜெனீவாவுல செஞ்சிலுவை சங்கத்து ஆர்கைவ்ஸும் உண்டு, ரெண்டாம் யுத்தத்து கைதிகள பத்தி தனி ஆளுக்கு தேடி சொல்லுவாங்க, ஆனா எப்பவும் வாங்க மாட்டாங்க, வருசத்துல சில நாள் மட்டும் திறந்து குறிப்பிட்ட எண்ணிக்கை விண்ணப்பம் வாங்கிட்டு மூடிருவாங்க.


ரிட்டயர்டு சுபேதார் எழுதியது:

பெங்களூருக்கும் ஒரு லெட்டர் போடு மக்களே, நம்பர் கையில இருக்கு, இனி ஒருத்தனும் ஃபைல மூட முடியாது. ரிஜிஸ்டர் தபால்ல போடு, உறவுமுறைய தெளிவா எழுது, கவருக்க ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் வை. ஒரிஜினல் ஒருத்தன் கேட்டாலும் கொடுக்காதே. நான் ஒரு மாதிரி விண்ணப்பம் எழுதி தனியா அனுப்புறேன். பதில் வர மாசக்கணக்காகும், அதுக்காக வாவ தள்ளிப் போடாதே.


விளவங்கோட்டுக்காரி எழுதியது:

பாட்டிகிட்ட சொல்லியாச்சு. இன்னைக்கு மத்தியானம் கஞ்சி குடிச்சு முடிச்ச நேரம் பாத்து அப்பாவும் நானும் பக்கத்துல இருந்தோம். தூண்ல பேரு இருக்குற படத்த செல்போன்ல காட்டினேன், ஆங்கிலம் வாசிக்க தெரியாதுல்லா, விரல வச்சு தடவி பாத்துது, ஸ்க்ரீன் நகந்து நகந்து போகுது, நான் திரும்ப கொண்டு வாறேன், அது திரும்ப தடவுது. பிறகு கினி ஆப்பிரிக்கா இல்ல, அது ஒரு தீவு, அந்த கருங்கல் ஆளு சொன்னது உள்ளதுதான்னு சொன்னேன். அதுக்கு பாட்டி, "உள்ளதுன்னு எனக்கு தெரியும், அவரு எங்க வீட்டுல பச்சத்தண்ணி கூட குடிக்கல்ல, நிண்ண நிலையில அழுதுட்டு போனாரு"ன்னு சொல்லிச்சு. கஞ்சிக்கு கதை விட்டான்னு வீட்டுல சொன்னது யாருன்னு இப்போ ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்குறாவ.

தேதி தெரியாது பாட்டி, யாருக்கும் தெரியாதுன்னேன். ரொம்ப நேரம் முகட்ட பாத்துட்டு கிடந்துது. பிறகு கேட்டது, "அங்க பனை உண்டா?"

கொளச்சல் தம்பி, இதுக்கு நீதான் பதில் சொல்லணும்.


கொளச்சல்கப்பல் எழுதியது:

நம்ம பனை நான் பாக்கல்ல அக்கா. தென்னை கடல் ஓரம் முழுக்க உண்டு, வாழை உண்டு, சேம்பு மாதிரி கிழங்கு உண்டு, நம்ம ஊரு மாதிரி அடிச்சு ஊத்துற மழை. தென்னை உண்டுன்னு சொல்லுங்க.


பழையஆதாரம் எழுதியது:

நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசைதான் நாள், அதுக்கு யாருகிட்டயும் கேக்க வேண்டாம். ஆடி வாவு தாராளமா போதும். பேரும் நட்சத்திரமும் தெரிஞ்சா போதும்னு எங்க பக்கத்து பூசாரி சொல்லுவாரு, நட்சத்திரம் பாட்டிக்கு ஓர்ம இருக்கா?


விளவங்கோட்டுக்காரி எழுதியது:

நட்சத்திரம் கேட்ட உடனே சொல்லிச்சு, ஒரு வினாடி யோசிக்கல்ல. தென்னை உண்டுன்னு சொன்னதுக்கு, "அண்ணன் தென்னையும் நல்லா ஏறுவான்"னு சொல்லிட்டு தூங்கிட்டு.

வாவுக்கு அப்பாதான் ஆத்துல இறங்குதாவ. பாட்டி நானும் வருவேன்னு ஒரே பிடிவாதம், டாக்டர் ரெண்டு மணி நேரத்துக்கு மேல உக்கார வைக்க கூடாதுன்னுட்டாரு. குழித்துறையில அன்னைக்கு பொருட்காட்சி கூட்டம் வேற, வண்டி எது வரை விடுவாவன்னு யாருக்காவது தெரியுமா? வீல்சேர் படித்துறை பக்கம் வரை போகுமா, இல்ல நாற்காலியோட தூக்கிட்டு போகணுமா?


ரிட்டயர்டு சுபேதார் எழுதியது:

விடிஞ்சா வண்டிய உள்ள விட மாட்டான் மக்களே. மூணரை மணிக்கு வந்துருங்க, இருட்டு இருக்கும்போதே. படியில வீல்சேர் இறங்காது, கைப்பிடி உள்ள மர நாற்காலி ஒண்ணு கொண்டு வாங்க. நானும் எனக்க மருமவனும் வாறோம், தூக்குறதுக்கு நாலு ஆளு வேணும்லா.